யாருக்கு வக்கீல்

துபாய் சோனாப்பூரில் தொழிலாளிகள் தங்குகிற கேம்ப்புகளில் செய்கு அலாவுதீனை எல்லாரும் வக்கீல் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடாத ஒரே ஆள் அவருடைய பெண்டாட்டி அஸ்மத் பீவி. அந்தப் பேரைக் கேட்டாலே அவளுக்குப் பயம். "முழுசாப் படிச்சவனுக்கே இந்த ஊருல வாயத் தொறக்க பயமா இருக்கு. நீங்க பாதியில விட்டுட்டு வந்த ஆளு. உங்களுக்கு எதுக்கு மச்சான் இந்தப் பட்டம்?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப் போனாள்.

அவள் சொல்வதும் நிஜம்தான். கீழக்கரையிலிருந்து மதுரைக்குச் சட்டம் படிக்கப் போன மனுசன், முதல் வருசம் முடியுமுன்னே வாப்பா மவுத்தாகிவிட, விசா வந்த கையோடு துபாய்க்குக் கிளம்பிவிட்டார். டைப்பிங் சென்டரில் உட்கார்ந்து அரபியில் மனு அடித்துக் கொடுக்கிற வேலை. வந்தவன் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டிருந்தவர், கொஞ்ச காலத்தில் வந்தவனுக்குச் சொல்லத் தெரியாததையும் சேர்த்து அடிக்க ஆரம்பித்தார். அப்புறம் என்ன, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்ட கம்பெனி, தாய் இறந்ததற்கும் லீவு தராத ஃபோர்மேன், கேம்ப்பில் தண்ணீர் வராத கதை என்று எல்லாம் அவரைத் தேடி வந்தது. லீவு நாளில் பழைய சன்னி காரை எடுத்துக்கொண்டு கேம்ப் கேம்ப்பாகப் போவார். பின் சீட்டில் லேபர் சட்டப் புத்தகமும் தொழுகைக்கு விரிக்கிற முசல்லாவும் கிடக்கும். பேச்சு நன்றாக வரும். அந்த வாயை வைத்தே தமிழ்ச் சங்கத் தேர்தலில் நின்று துணைத் தலைவராகவும் ஆகிவிட்டார்.

பத்தாவது படிக்கிற மகள் ரம்ஸியா ஒருநாள் பள்ளிக்கூடத்தில் படித்த கதையைச் சொன்னாள். அமெரிக்கா புதிதாக உருவாகிற காலத்தில் காட்டோர ஊர்களில் இப்படித்தான் வக்கீல்கள் இருந்தார்களாம். காலேஜ் கிடையாது. யாரிடமாவது புத்தகம் இரவல் வாங்கிப் படித்துவிட்டு, குதிரையேறி ஊர் ஊராகப் போய் வழக்குப் பேசுவார்களாம். சாராயக் கடையில்கூடக் கோர்ட்டு நடக்குமாம். பேசிப் பேசியே எலெக்‌ஷனிலும் ஜெயித்துவிடுவார்களாம்.

"சேம் டு சேம் வாப்பா. குதிரைக்குப் பதிலா சன்னி," என்றாள் ரம்ஸியா. அலாவுதீன் ஒரு வாரம் அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அஸ்மத் மட்டும் கேட்டாள்:

"அந்த ஆளுக்குப் பெண்டாட்டி இருந்தாளா?"

"இருந்திருப்பாங்க உம்மா."

"அவ என்ன செஞ்சுக்கிட்டு இருந்தா?"

ரம்ஸியா பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். "புக்ல அது இல்ல."

செப்டம்பர் மாதம் பிறந்தும் வெக்கை குறையவில்லை. காற்றில் ஈரம் ஏறிக்கிடந்தது. அல் குசைஸில் அவர்கள் இருந்த ஃப்ளாட்டின் ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கம் வேர்த்து வழிந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு அஸ்மத் சாயங்காலத்துக்கு இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். பக்கத்து அடுப்பில் சீலா மீன் ஆணம் கொதித்தது. மதியச் சாப்பாட்டுக்கு வந்து, கொஞ்சம் கண்ணசந்து எழுந்த அலாவுதீன் சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஃபோன் வந்தது.

உட்கார்ந்து எடுத்தவர் எழுந்து நின்றுவிட்டார். "அய்வா," என்றார். மறுபடியும், "அய்வா, அய்வா." அப்புறம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். ஃபோனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? அதிலேயே அஸ்மத்துக்குப் பாதி புரிந்துவிட்டது.

"யாரு மச்சான்?"

"ஒண்ணுமில்ல. நீ பிழி."

"ஒண்ணுமில்லாத ஃபோனுக்கா எந்திரிச்சு நின்னு பேசுனிய?"

அவர் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டார். "போலீசு. நாளைக்குக் காலைல ஸ்டேசனுக்கு வரச் சொல்றாங்க. பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டு."

அஸ்மத்தின் கை அச்சோடு அப்படியே நின்றது.

"எதுக்காம்?"

"தெரியல. 'இன்த்த வக்கீல்?'னு கேட்டான். நீதான் வக்கீலான்னு."

"நீங்க என்ன சொன்னிய?"

"அய்வான்னுட்டேன்."

"ஆமான்னா சொன்னிய!"

"வாய் வழக்கம் புள்ள. இத்தன வருசமா யார் கேட்டாலும் அதானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

"போச்சு. லைசென்ஸ் இல்லாம வக்கீல் வேல பாக்குறியன்னு எவனோ எழுதிப் போட்டுட்டான். நீங்களும் ஆமான்னு ஒப்புக்கிட்டிய."

"அப்படித்தான் இருக்கும்," என்றார் அலாவுதீன். அவர் இல்லை என்று சொல்லியிருந்தால் அவளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. எதற்கும் ஒரு சட்டம் எடுத்து வைக்கிற மனுசன், அன்றைக்கு எதையும் எடுத்து வைக்கவில்லை. டைப்பிங் சென்டரின் கஃபீல், விசா கொடுத்திருக்கிற அரபிக் கிழவர், போன தடவையே கறாராகச் சொல்லியிருந்தார். கேம்ப் விவகாரம் என்று இன்னொரு முறை போலீஸ் வாசலை மிதித்தால் கலாஸ், விசா கான்சல். விசா போனால் வீடு போச்சு, ரம்ஸியாவின் படிப்பு போச்சு. பத்தாவதில் பாதியில் பிள்ளையை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?

அவர் டைப்பிங் சென்டர் கடைக்குப் போனதும் அஸ்மத் அபாயாவை மாட்டிக்கொண்டு மாடிக்கு ஏறினாள். மேல் ஃப்ளாட்டில் ஸ்ரீனிவாசன் இருந்தார். பெரிய கம்பெனியில் இன்ஜினியர், தமிழ்ச் சங்கத்தின் தலைவர். கேம்ப்காரர்கள் பஸ் பிடித்து வந்து போட்ட ஓட்டில்தான் ஜெயித்தார். அந்தப் பஸ்ஸை ஏற்பாடு பண்ணியது அலாவுதீன். பெரிய இடங்களில் ஆள் தெரிந்தவர், ஒரு ஃபோன் போட்டாலே போதும் என்று அஸ்மத் நினைத்தாள்.

அவருக்கு அன்றைக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. கழுத்தில் ஹெட்ஃபோன் தொங்கக் கதவைத் திறந்தார். கேட்டு முடிக்குமுன்னே முகம் வெளிறிவிட்டது.

"எந்த ஸ்டேஷன் சிஸ்டர்? யார் கேஸ் குடுத்தாங்கன்னு சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லலண்ணே. நீங்க ஒரு வார்த்த பேசிப் பாத்தியன்னா..."

"பேசறது பிரச்சினை இல்லை. ஆனா நான் இதுல வந்தா, சங்கம்தான் இதெல்லாம் பண்ணுதுன்னு ஆயிடும். எல்லாருக்கும் சிக்கல். எனக்கும் குழந்தைங்க இருக்கு." ஹெட்ஃபோன் வயரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க. பாயை நம்ம வாட்ஸ்ஆப் குரூப்லேர்ந்து இன்னைக்கே வெளியே வந்துடச் சொல்லுங்க. அவருக்கே அதான் நல்லது."

யாருக்கு நல்லது என்று அஸ்மத்துக்குத் தெரியாதா? திட்டத்தான் நினைத்தாள். ஆனால் வயரை அவர் இறுக்க இறுக்கச் சுற்றுவதைப் பார்த்துவிட்டாள். தன்னைப் போலவே பயந்துகிடக்கிற மனுசனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? லிஃப்ட் வரைக்கும் அவர் மனைவி நீலா பின்னாலேயே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலைல ரம்ஸியாவை நான் ஸ்கூல் பஸ் ஏத்தி விடறேன் அஸ்மத். சாயங்காலமும் எங்காத்துலயே இருக்கட்டும். ராத்திரி தங்கினாலும் பரவாயில்லை."

நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் நாளை ராத்திரிக்குள் அலாவுதீன் திரும்ப மாட்டார் என்று நீலாவும் முடிவு கட்டிவிட்டாள் என்பது அஸ்மத்துக்கு உறைத்தது. கீழே வந்தபோது அச்சிலிருந்த மாவு இறுகிப் போயிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டாள்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுது முடித்த நேரம், வாசலில் ஜோதிமணி வந்து நின்றான். அரியலூர்க்காரன், சோனாப்பூர் கேம்ப்பில் இருக்கிறவன், கம்பி கட்டுகிற வேலை. சைட் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்திருந்தான். சட்டை முதுகில் உப்புப் பூத்திருந்தது. அலாவுதீன் அப்போதுதான் கடையிலிருந்து வந்து தேத்தண்ணிக் கிளாஸைக் கையில் எடுத்திருந்தார்.

"பன்னீரு ஆஸ்பத்திரில கெடக்கான் பாய்," என்றான் ஜோதிமணி. "பேச்சு மூச்சு இல்ல. ஐசியூல வச்சிருக்காங்க."

பன்னீர்செல்வத்தை அஸ்மத்துக்குத் தெரியும். போன பெருநாளுக்கு வந்து நெய்ச்சோறு சாப்பிட்டவன். கூச்சப்பட்டுக்கொண்டே ஆணம் இன்னொரு தரம் கேட்டவன். ஊருக்குப் போய் வந்தபோது அவளுக்கென்று ஒரு பை வேர்க்கடலை கொண்டுவந்து தந்தான்.

"என்னாச்சு தம்பி?"

"ரூம்ல ஏசி ஓடி ஒரு வாரம் இருக்கும்க்கா. கேம்ப் பாஸ்கிட்ட தினம் சொல்றோம். இன்னைக்கு நாளைக்குன்னான். ராவெல்லாம் தூக்கமில்ல. எல்லாரும் தலகாணிய நனச்சு நனச்சுப் படுத்தோம். இவன் நேத்து டூட்டிக்குப் போக முடியலன்னு படுத்தான். நேத்து மத்தியானம் வெயில் பிரேக்குக்கு நாங்க ரூமுக்கு வந்து பாத்தா ஒடம்பு நெருப்பாக் கொதிக்குது, ஒரு சொட்டு வேர்வை இல்ல. ஆம்புலன்ஸ் வந்துச்சு, பின்னாலயே போலீசு வந்துச்சு. கேம்ப் பாஸு ஃபோன ஆஃப் பண்ணிட்டு ஓடிட்டான்."

"கம்பெனி ஆளு ஒருத்தனுமா வரல?" என்றார் அலாவுதீன்.

"ஒருத்தனும் வரல பாய். போலீஸ்காரரு 'வேன் வக்கீல், வேன் வக்கீல்'னு கத்துறாரு. வேன்னா எங்கன்னு அர்த்தம், அவ்ளோ அரபி எனக்குத் தெரியும். இந்திக்காரப் பயலுவளும் நாங்களும் ஒரே குரலா உங்க பேரத்தான் சொன்னோம். நான்தான் நம்பரு குடுத்தேன்." தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு நிமிர்ந்தான். "நல்லதுதான பாய் பண்ணோம்?"

அலாவுதீன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. "அட, இதுதானா? கேஸ் விசயமாப் பேசக் கூப்பிட்டிருக்கான். நான்கூட என்னமோன்னு பயந்துட்டேன்."

அஸ்மத்துக்கு அந்த நிம்மதி வரவில்லை. என்னமோ இடித்தது.

"போலீசு உங்க வக்கீல எதுக்குத் தம்பி தேடுறான்? தப்புப் பண்ணுனவனத்தானே தேடுவான்?"

சொல்லும்போதே அவளுக்கு ஹசன் அலி சாச்சாவின் ஞாபகம் வந்தது. கீழக்கரையில் சங்கு வியாபாரம் பார்த்தவர், கோர்ட்டு இருக்கிற தெருப் பக்கம்கூடப் போகாதவர். அவளுடைய நிக்காஹ் அன்றைக்கு அவர்தான் வக்கீல். இரண்டு சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு அறை வாசலில் வந்து நின்று, "செய்கு அலாவுதீன உனக்கு நிக்காஹ் முடிச்சு வைக்க என்னய வக்கீலா ஆக்குறியாம்மா? சம்மதமா?" என்று கேட்டார். அஸ்மத்துக்குப் பயத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குனிந்த தலை நிமிரவில்லை. அவர் திரும்பவும் கேட்டார். சுற்றியிருந்த பொம்பளைகள்தான், "புள்ள பேசாம இருக்கால்ல, அது சம்மதந்தான், போங்க," என்று அனுப்பி வைத்தார்கள். அப்புறம் ஒருநாள், சாச்சா எப்போது வக்கீலுக்குப் படித்தார் என்று அவள் கேட்டதற்கு வீடே சிரித்தது. வக்கீல் என்றால் நமக்காக நிற்கிறவர், நம் பொறுப்பைச் சுமக்கிறவர் என்று அவளுடைய உம்மா சொல்லிக் கொடுத்தாள்.

"மச்சான், கோர்ட்டுல பேசுறவனுக்கு அரபில என்ன பேரு?"

"முஹாமி."

"அப்ப வக்கீல்னா?"

அலாவுதீன் கிளாஸைக் கீழே வைத்தார். வைத்த வேகத்தில் தேத்தண்ணி தளும்பி மேசையில் ஓடியது.

"யா அல்லாஹ்," என்றார். "கம்பெனியோட பொறுப்பாளி. கம்பெனிக்குப் பதிலா நிக்கிறவன். மனு மனுவா அடிச்சிருக்கேன் அந்த வார்த்தய. எம்பேரச் சொல்லிக் கூப்பிடுறான்னு நெனச்சுல்ல அய்வான்னுட்டேன்!"

ஜோதிமணிக்கு ஒன்றும் ஓடவில்லை. "வக்கீல்னா வக்கீல்தான பாய்? இந்தியிலகூட அதான சொல்றானுவ?"

"இந்தியில அதான்டா. போலீஸ்காரன் கேட்டது அரபில."

அலாவுதீன் சிந்திய தேத்தண்ணியைக் கையால் வழித்தார். மேலே ஏசி உறுமிக்கொண்டிருந்தது. அதன் குளிர் காற்றில் உட்கார்ந்திருப்பதே அஸ்மத்துக்குக் கூச்சமாக இருந்தது. ஏசி இல்லாத அறையில் ஒருத்தனை வேக விட்ட கம்பெனி. அந்தக் கம்பெனியின் பொறுப்பாளி நான்தான் என்று தன் புருசன் போலீஸிடம் வாயாலே சொல்லியிருக்கிறார். பன்னீருக்கு ஒன்று ஆகிவிட்டால்? அந்த நினைப்பு வந்ததும் பன்னீருக்காகப் பயப்படுகிறாளா புருசனுக்காகப் பயப்படுகிறாளா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

"நாளைக்குப் போயி, நான் இல்லன்னு சொல்லிடுங்க பாய்," என்றான் ஜோதிமணி. "நாங்க பொய் சொல்லிட்டோம்னு வச்சுக்கட்டும்."

"போலீஸ்ல பொய் சொன்னவன சும்மா விடுவானா? ஃப்ளைட் ஏத்திருவான்டா."

"பரவால்ல பாய்."

பரவாயில்லை என்று சொன்னவனின் கண் தரையை விட்டு எழவில்லை. அவன் போன பிறகு அஸ்மத் அலாவுதீன் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கு ஒரு சத்தியம் பண்ணுங்க மச்சான். நாளைக்கு அந்தச் சொல்லே உங்க வாயில வரக்கூடாது. நான் வக்கீல் இல்ல. கம்பெனிக்கும் இல்ல, யாருக்கும் இல்ல. அம்புட்டுத்தான். சொல்லிட்டு வந்துருங்க."

"அந்தப் பயலுக?"

"எனக்கு நம்ம புள்ள இருக்கு. நான் வேற யாரயும் நெனைக்க முடியாது. சத்தியம் பண்ணுங்க."

அவர் அவள் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினார்.

மறுநாள் காலை அவளும் கூடவே போனாள். வேண்டாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார், அவள் கேட்கவில்லை. காரில் ஏறியதிலிருந்து ஓதிக்கொண்டே வந்தாள். ஓதுகிற சூராவில் நடுவில் ஒரு வரி விட்டுப் போகும், முதலிலிருந்து தொடங்குவாள், மறுபடி அதே இடத்தில் விட்டுப் போகும். ஸ்டேஷன் உள்ளே ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக, சில்லென்று இருந்தது. பெண்களுக்கான நாற்காலியில் அவளை உட்காரச் சொன்னார்கள். எதிரே கண்ணாடித் தடுப்பு, கதவு திறந்தே கிடந்தது. உள்ளே சின்ன வயது அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஜோதிமணியும், கேம்ப்பில் அவனோடு ஒரே அறையில் இருக்கிற ஐயப்பனும் சுவரோரம் நின்றிருந்தார்கள். இரண்டு பேரும் துவைத்த சட்டை போட்டு, தலையைப் படியச் சீவியிருந்தார்கள்.

அதிகாரி பாஸ்போர்ட்டை வாங்கி மேசையில் வைத்தார். அஸ்மத் அந்த நீல அட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அலாவுதீன் அரபியில் பேச ஆரம்பித்தார். சங்க மேடையில் கணீரென்று வருகிற குரல் அங்கே நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. எங்கள் பாஷையில் வக்கீல் என்றால் முஹாமி, நான் முஹாமியும் இல்லை, டைப்பிங் சென்டரில் வேலை பார்க்கிறேன், சும்மா கேலிக்கு வைத்த பேர் அது என்று அவர் சொன்னது அஸ்மத்துக்கு ஏறக்குறையப் புரிந்தது. அதிகாரி ஜோதிமணியைக் கைகாட்டி ஏதோ கேட்டார். அவர்கள் பொய் சொல்லவில்லை, பாஷைதான் பொய் சொல்லிவிட்டது என்றார் அலாவுதீன்.

அதிகாரி ஒரு நிமிசம் வெறித்துப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு முஹாமி, வக்கீல் என்று சொல்லிக் காட்டினார். அவரும் சிரித்தார். பாஸ்போர்ட்டை இந்தப் பக்கம் தள்ளினார்.

"கலாஸ். மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சினையும் இல்லை. நீ போகலாம்."

அஸ்மத்துக்கு அழுகை வந்தது. முக்காட்டில் முகத்தை அழுத்திக்கொண்டாள். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாயெடுத்தவள், அலாவுதீன் இன்னும் எழுந்திருக்காததைப் பார்த்தாள்.

அதிகாரி இப்போது சிரிக்கவில்லை. நிறுத்தி நிறுத்திப் பேசினார். கம்பெனியின் வக்கீலைத் தேடிப் பிடித்துக்கொள்கிறோம், அது எங்கள் வேலை. ஆனால் இந்த ஆட்கள் பக்கம் பேச ஒரு வக்கீல் வேண்டும். லேபர் ஆபீசுக்கு வரவேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், அந்த நோயாளியின் ஊருக்குப் பேசவேண்டும். பேர் எழுதினால் எழுதினதுதான். கம்பெனி நாளைக்கு அந்தப் பேரைத் தேடும். யாராவது இருக்கிறார்களா?

ஜோதிமணிக்கும் ஐயப்பனுக்கும் என்ன கேட்டார் என்று தெரியவில்லை. வக்கீல் என்ற சொல் காதில் விழுந்ததும் இரண்டு பேரும் ஒன்றாக அலாவுதீனைப் பார்த்தார்கள். உடனே, நேற்று ஜோதிமணி பேசிவிட்டு வந்தது ஞாபகம் வந்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அலாவுதீன் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்தார். பையில் வைக்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாக அஸ்மத்தைத் திரும்பிப் பார்த்தார்.

ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். அவருக்கு இரு பக்கமும் சுவரோரம் அந்த இரண்டு பேரும் நின்றார்கள், ஹசன் அலி சாச்சாவோடு வந்த சாட்சிகள் மாதிரி. அஸ்மத்துக்கு வேண்டாம் என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. கஃபீல் கிழவரின் முகம் வந்தது. ரம்ஸியாவின் புத்தகப் பை வந்தது. கூடவே, இன்னொரு கரண்டி ஆணம் கேட்க அப்படிக் கூச்சப்பட்ட பன்னீரின் முகமும் வந்து நின்றது. இவ்வளவு பயம் அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தரம்தான் வந்திருக்கிறது, அன்றைக்கும் இப்படித்தான் ஒரு வாசலில் நின்று கேட்டார்கள்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வாயைத் திறக்கவில்லை.

அதிகாரி பொறுமையில்லாமல் மேசையைத் தட்டினார். "யல்லா. வக்கீல்?"

"அய்வா," என்றார் அலாவுதீன். இந்தத் தடவை கேள்வி என்னவென்று தெரிந்து சொன்னார்.